கல்யாணப் படத்துக்கு வீட்டிலேயே ஒரு ஃபிரேம்

புதிதாக ஃபிரேம் செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் மரத்தை வாங்கிவிடுகிறார்கள். பிறகு அந்த மரத்துக்குள் படத்தைத் திணிக்கப் பார்க்கிறார்கள். வேலை அங்கேயே கோணிவிடுகிறது. படம்தான் மவுண்டின் (படத்தைச் சுற்றித் தெரியும் அட்டையின்) அளவைச் சொல்லும். மவுண்ட் சட்டத்தின் அளவைச் சொல்லும். சட்டம் ஒட்டிக் காய்ந்த பிறகு அது கண்ணாடியின் அளவைச் சொல்லும். உள்ளேயிருந்து வெளியே வர வேண்டும். கீழே உள்ள எண்கள் எல்லாம் ஒரே ஒரு ஃபிரேமுக்கானவை: உயரவாக்கில் எடுத்த 8×12 அங்குலப் படம். உங்கள் படம் வேறு அளவாக இருந்தால் எண்கள் மாறும், கணக்கு மாறாது.

கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து செய்யத் தோதான வேலை இது. நான்கு கைகள் இல்லாமல் திண்டாட வைக்கும் கட்டங்கள் இதில் இரண்டு மூன்று உண்டு. கைவேலை என்று பார்த்தால் மொத்தம் ஒரு நாள்தான். ஆனால் பசை காயவும் வார்னிஷ் வாடை போகவும் சேர்த்து இரண்டு வாரம் ஒதுக்குங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: அளப்பது ஒருவர் மட்டும், அதுவும் ஒரே ஸ்டீல் ஸ்கேலால். இரண்டு டேப்புகளுக்கு நடுவே 1 மி.மீ. வித்தியாசம் சாதாரணமாக வரும். டேப்பின் கொக்கி வளைந்திருந்தால் இன்னும் கூடும். ஃபிரேமில் 1 மி.மீ. என்பது கண்ணில் உறுத்தும் இடைவெளி.

படம்

கல்யாணத்துக்குப் பயன்படும் கேமராக்கள் பெரும்பாலும் 3:2 விகிதத்தில் எடுக்கின்றன. அந்த விகிதத்துக்கு 8×12, 12×18 அங்குலப் பிரிண்டுகள் முழுதாகப் பொருந்தும். 8×10 கேட்டால் நீளவாக்கில் 2 அங்குலம் வெட்டுப்படும். தனியாக நிற்கும் ஜோடிப் படத்தில் கால் போகும். குடும்பக் கூட்டப் படத்தில் இரண்டு ஓரத்திலும் நிற்பவர்கள் போவார்கள். ஆகவே விகிதம் மாறாத அளவையே தேர்ந்தெடுங்கள்.

அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 8×12 பிரிண்டுக்கு 2400×3600 பிக்சல் தேவை. செய்தி அனுப்பும் செயலிகள் வழியாக வந்து சேர்ந்த படம் வழியில் சுருக்கப்பட்டிருக்கும். கைபேசியில் பளிச்சென்று தெரிந்தாலும் பிரிண்டில் புருவமும் புடவைக் கரையும் குழைந்து போகும். படம் எடுத்தவரிடமிருந்து மூலக் கோப்பையே வாங்கிக்கொள்ளுங்கள். பிரிண்ட் போடும்போது ஒரே நேரத்தில் இரண்டு பிரதி எடுத்துவிடுங்கள். ஒன்று ஃபிரேமுக்கு, மற்றது அமிலமற்ற உறைக்குள் இருட்டில் இருக்கட்டும். வெளிச்சத்தில் மாட்டிய வண்ணப்படம் ஆண்டுகள் போகப் போக வெளுத்தே தீரும். எவ்வளவு நல்ல கண்ணாடி போட்டாலும் அதைத் தாமதப்படுத்தத்தான் முடியும்.

பளபளப்புத் தாளைவிட மேட் (மினுக்கமில்லாத) அல்லது லஸ்டர் (லேசாக மட்டும் மினுங்கும்) தாள் நல்லது. கண்ணாடியே ஒரு பிரதிபலிப்பைக் கொடுக்கிறது, தாளும் மின்னினால் பகலில் படத்தைவிட ஜன்னல்தான் நன்றாகத் தெரியும். இங்க்ஜெட் பிரிண்ட் என்றால் குறைந்தது 24 மணி நேரம் திறந்தவெளியில் காய விடுங்கள். ஈரம் முழுதாகப் போகாமல் அடைத்தால் சில வாரத்தில் கண்ணாடியின் உட்புறம் புகை படிந்தது போலாகிவிடும். எந்தப் பிரிண்டானாலும் ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். விரல் எண்ணெய் அன்றைக்குத் தெரியாது, பல மாதம் கழித்து ரேகையாக எழுந்து நிற்கும்.

மவுண்ட்

படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே தெரியும் அட்டைதான் மவுண்ட். அழகுக்காக மட்டும் அது இல்லை. படம் கண்ணாடியைத் தொடாமல் தள்ளி வைப்பதுதான் அதன் முதல் வேலை. காற்றில் ஈரம் ஏறி இறங்கும்போது கண்ணாடியின் உட்புறம் வியர்க்கும். படத்தின் மேற்பரப்பில் இருக்கும் ஜெலட்டின் அந்த ஈரத்தில் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பழைய படங்களைக் கண்ணாடியிலிருந்து பிரிக்கப் போய் முகம் மட்டும் கண்ணாடியோடு உரிந்து வந்துவிடுவது இதனால்தான். மவுண்ட் வேண்டாம் என்று தோன்றினால், கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே 3 மி.மீ. தடிமனுள்ள ஒல்லியான பட்டையையாவது விளிம்பைச் சுற்றிக் கொடுங்கள். நேரடியாகக் கண்ணாடியோடு அழுத்தி வைப்பது மட்டும் கூடாது.

அட்டை வாங்கும்போது அமிலமற்றது என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். புகைப்படங்களோடு சேர்த்து வைக்கத் தகுந்ததா என்று பார்க்கும் சோதனை ஒன்று ஐஎஸ்ஓ 18916 என்ற எண்ணில் இருக்கிறது. அதில் தேறியது என்று அட்டையில் குறித்திருந்தால் இன்னும் நல்லது. மலிவான மரக்கூழ் அட்டையில் வெட்டிய விளிம்பு சில ஆண்டிலேயே பழுப்பாகும். அந்தப் பழுப்பு படத்தின் ஓரத்திலும் இறங்கும்.

இனி கணக்கு. 8×12 அங்குலம் என்பது ஏறக்குறைய 203×305 மி.மீ. லேபில் வெட்டும்போது ஒரு மி.மீ. அப்படி இப்படி ஆகும், ஆகவே கையில் உள்ள படத்தையே அளந்துகொள்ளுங்கள். மவுண்டின் ஜன்னல் (படம் தெரிய நடுவில் வெட்டும் திறப்பு) நான்கு பக்கமும் படத்தின் மேல் 5 மி.மீ. ஏறி உட்கார வேண்டும். அப்போது ஜன்னல் 193×295. மேலேயும் இரண்டு பக்கமும் 60 மி.மீ. அட்டை, கீழே மட்டும் 70 மி.மீ. கீழ்ப்பக்கம் கொஞ்சம் அகலமாக இருந்தால்தான் சுவரில் மாட்டிய பிறகு படம் சரியாத மாதிரி தெரியும். நாலு பக்கமும் சமமாக விட்டால் படம் கீழே இறங்கிவிட்டதாகக் கண் சொல்லும். ஆக மவுண்டின் வெளி அளவு 313×425 மி.மீ. இதே அளவில் பின்னால் வைக்க இன்னொரு அட்டையும் வெட்டிக்கொள்ளுங்கள். படத்தின் ஓரத்தில் யாருடைய கையோ மாலையோ 5 மி.மீ.க்குள் மறைந்துவிடும் போலிருந்தால், பிரிண்ட் போடும்போதே சுற்றிலும் வெள்ளை ஓரம் விடச் சொல்லுங்கள்.

ஜன்னலை அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் வரையுங்கள், கோடுகள் மூலையைத் தாண்டிப் போகட்டும். அடியில் ஒரு வேண்டாத அட்டையைப் போட்டு, ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, பிளேடைச் செங்குத்தாக இழுங்கள். சாய்வு வெட்டுக்கான கருவி இருந்தால் 45 டிகிரியில் வெட்டலாம், பார்க்கக் கூடுதல் நேர்த்திதான். ஆனால் வெறும் கட்டரைக் கையால் சாய்த்துப் பிடித்து வெட்டப் பார்க்காதீர்கள், கோடு அலையும். ஒவ்வொரு மவுண்டுக்கும் புது பிளேடு போடுங்கள். மழுங்கிய பிளேடு அட்டையின் மேல்தாளைப் பஞ்சுபோல இழுத்துவிடும், அதை எதாலும் சரிசெய்ய முடியாது. மூலையில் துண்டு விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்க வேண்டாம். பிளேடை அந்த மூலைக்குள் மெல்ல நுழைத்து மிச்ச இழையை அறுத்துவிடுங்கள். ஒருவர் ஸ்கேலின் இரண்டு முனையையும் இரண்டு கையாலும் அழுத்த, மற்றவர் வெட்டினால் ஸ்கேல் நழுவாது. அழுத்துகிறவரின் விரல் நுனி ஸ்கேலின் விளிம்பைத் தாண்டி வெளியே வரக் கூடாது.

மரமும் படியும்

ஃபிரேம் சட்டத்தின் உள்விளிம்பில், பின்பக்கமாக, ஒரு படி இருக்கும். கண்ணாடியும் மவுண்டும் உட்காருவது அந்தப் படியில்தான். தச்சர்கள் இதை ரிபேட் என்பார்கள். அதை மரத்தில் குடைய இயந்திரம் வேண்டும். வீட்டில் செய்வதற்கு எளிய வழி, இரண்டு ரீப்பர்களை (ஒல்லியான மரச்சட்டங்களை) ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிப் படியை உண்டாக்குவது.

முன்பக்கத்துக்கு 30 மி.மீ. அகலம், 10 மி.மீ. தடிமன். பின்பக்கத்துக்கு 24 மி.மீ. அகலம், 12 மி.மீ. தடிமன். இரண்டின் வெளிவிளிம்பும் ஒன்றாக இருக்கும்படி ஒட்டினால் உள்பக்கம் 6 மி.மீ. அகலமும் 12 மி.மீ. ஆழமும் கொண்ட படி தானாகக் கிடைக்கும். இந்த 12 மி.மீ. போதுமா என்று பார்த்துவிடுவோம்: கண்ணாடி 2, மவுண்ட் ஏறக்குறைய 1.5, பின் அட்டை 1.5, அதற்கும் பின்னால் தாங்கும் பலகை 3. மொத்தம் 8. மிச்சம் 4 மி.மீ. ஆணி பிடிக்க இடம்.

நீளம்: மவுண்டைவிடப் படியின் உள்ளளவு 3 மி.மீ. பெரியதாக இருக்க வேண்டும். மரம் ஈரத்தில் அசையும். கண்ணாடிக்கு மூச்சுவிட இடம் இல்லாவிட்டால் மூலையில் விரியும். ஆகவே படி அளவு 316×428. இதோடு படிக்கு வெளியே இருக்கும் மரத்தை இரண்டு பக்கமும் கூட்ட வேண்டும். 30-இலிருந்து 6-ஐக் கழித்தால் 24, இரண்டு பக்கத்துக்கு 48. ஆக வெளிவிளிம்பில் அளந்தால் குட்டைச் சட்டம் 364 மி.மீ., நெட்டைச் சட்டம் 476 மி.மீ., வகைக்கு இரண்டு. கூட்டினால் 1,680. ரம்பம் தின்பதையும் முனை சீராக்குவதையும் சேர்த்தால் 1.8 மீட்டர் ஆகும். வாங்குவது ஒவ்வொரு ரீப்பரிலும் 2.4 மீட்டராக இருக்கட்டும். ஒரு சட்டம் கெட்டாலும் அதே மரத்திலிருந்து மறுபடி வெட்டலாம். வேறு மரத்தில் வெட்டினால் நிறம் ஒட்டாது.

மரம் எது என்பதைவிட அது நேராக, காய்ந்து இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ரீப்பரின் ஒரு முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து மறு முனை வரை ஓட்டிப் பாருங்கள். வில்லாக வளைந்ததையும், கயிறு போல முறுக்கியதையும், வெட்டு விழக்கூடிய இடத்தில் கணு உள்ளதையும் ஒதுக்குங்கள். வளைவைக்கூட ஓரளவு சமாளிக்கலாம், முறுக்கை எந்த கிளாம்பும் (மரத்தை இறுக்கிப் பிடிக்கும் கருவியும்) சரிசெய்யாது. வாங்கியதை ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே படுக்கையாக அடுக்கி வையுங்கள். ஈர மரத்தில் செய்த ஃபிரேமின் மூலை, மரம் காய்ந்து அகலத்தில் சுருங்கும்போது உள்பக்கமாக வாய் திறக்கும். காய்ந்த மரம் பிறகு ஈரம் குடித்தால் வெளிப்பக்கம் திறக்கும். பிளவு எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்பதைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

இரண்டு ரீப்பரையும் வெள்ளை மரப்பசை தடவி ஒட்டி, 15 செ.மீ.க்கு ஒரு கிளாம்ப் வீதம் இறுக்குங்கள். படிக்குள் பிதுங்கி வரும் பசையைப் பத்து நிமிடத்தில், அது தயிர்போலத் தோயும் நேரத்தில், ஒரு மரத்துண்டால் வழித்துவிடுங்கள். விட்டால் கல்லாகிவிடும், கண்ணாடி அதன்மேல் ஏறி உட்கார்ந்து ஆடும். ஒரு மணி நேரத்தில் கிளாம்பை எடுக்கலாம். வெட்டுவது மறுநாள்.

45 டிகிரி

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நான்கு மூலை என்றால் எட்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் கால் டிகிரி பிசகினால் எட்டுக்கும் சேர்த்து 2 டிகிரி. மூன்று மூலை கச்சிதமாகச் சேர்ந்து, மொத்தப் பிசகும் நான்காவது மூலையில் வந்து நிற்கும். 30 மி.மீ. அகலச் சட்டத்தில் அது ஒன்றரை மி.மீ. பிளவு.

மைட்டர் பாக்ஸும் (ரம்பத்தை 45 டிகிரியில் நடத்தும் கீற்றுகள் உள்ள பெட்டி) நுண்பல் ரம்பமும் இருந்தால் போதும். பாக்ஸை மேசையோடு திருகி அசையாமல் வையுங்கள். முதலில் வேண்டாத துண்டில் இரண்டு வெட்டு வெட்டி, சேர்த்துப் பிடித்து, மூலைமட்டத்தை உள்ளே வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். ஒளி கசிந்தால் பாக்ஸின் கீற்று தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், அதை நம்பி மேலே போகாதீர்கள்.

சட்டத்தை வைக்கும் திசையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். படி எப்போதும் ஃபிரேமின் உள்பக்கம். அதாவது நீளம் குறைந்த பக்கம். ஆகவே ஒவ்வொரு சட்டத்தின் பின்புறத்திலும் வெட்டுவதற்கு முன்பே பென்சிலால் ‘உள்’ என்று எழுதி, இரண்டு முனையிலும் சாய்வுக் கோட்டை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். அந்த இரண்டு கோடுகளும் உள்பக்கம் நோக்கி ஒன்றையொன்று நெருங்க வேண்டும். ஒருவர் கோடு போட, மற்றவர் சரிபார்த்த பிறகே ரம்பம் இறங்கட்டும். ரம்பத்தை அழுத்தாதீர்கள், அதன் எடையே வெட்டும். அழுத்தினால் பல் வளைந்து, வெட்டு மேலே 45-ஆகவும் அடியில் வேறாகவும் இறங்கும்.

எதிரெதிர்ச் சட்டங்கள் இரண்டும் ஒரே நீளம் இருப்பது கோணத்தைவிட முக்கியம். கோணம் அணுவளவும் பிசகாமல் இருந்தும், ஒரு பக்கம் 364-ஆகவும் எதிர்ப்பக்கம் 365-ஆகவும் இருந்தால் மூலை சேராது. அதனால் இரண்டாவதை அளந்து வெட்டாதீர்கள். மைட்டர் பாக்ஸிலிருந்து தேவையான தூரத்தில் ஒரு மரக்கட்டையைத் தடுப்பாகத் திருகிவிட்டு, இரண்டு சட்டத்தின் முனையையும் அதே தடுப்பில் முட்டக் கொடுத்து வெட்டுங்கள். முடிந்ததும் இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்து நிறுத்தி, முனைகளின்மேல் விரலை ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத கால் மி.மீ. விரலுக்குத் தெரியும்.

நீளமாக நிற்பதை ரம்பத்தால் சீவ முடியாது. தட்டையான பலகையில் 120 எண் உப்புத்தாளை ஒட்டி, பக்கத்தில் 45 டிகிரி கட்டை ஒன்றை வழிகாட்டியாக வைத்து, வெட்டுமுகத்தை அதில் நாலைந்து முறை ஒரே திசையில் தேயுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் முனை உருண்டுவிடும். எதிர்ச் சட்டத்துக்கும் அதே எண்ணிக்கை.

பசை போடாமல் நான்கையும் ஒருமுறை சேர்த்துப் பார்த்தே ஆக வேண்டும். அப்போது மயிரிழைப் பிளவு தெரிந்தால் பரவாயில்லை. அதே மரத்தின் தூளில் பசை கலந்து பிறகு அடைக்கலாம். அரை மி.மீ.க்கு மேல் என்றால் அடைத்து மறைக்க நினைக்காதீர்கள், வார்னிஷ் பட்டதும் அது கறுப்புக் கோடாகத் தெரியும். திரும்ப வெட்டுங்கள். ஒரு சட்டம் 2 மி.மீ. குறைந்தால் அதன் ஜோடியும் 2 மி.மீ. குறைய வேண்டும், அந்தப் பக்கம் மவுண்டின் வெளி ஓரத்திலும் 2 மி.மீ. சீவ வேண்டும். கண்ணாடியை இன்னும் வெட்டாமல் வைத்திருப்பதன் பலன் இப்போது புரியும்.

ஒட்டுவது

சாய்வாக வெட்டிய முகத்தில் மர இழைகளின் வாய் திறந்திருக்கும். பசையை உறிஞ்சிக் கீழே இழுத்துக்கொள்ளும், இணைப்பில் ஒன்றும் மிஞ்சாது. வீட்டில் செய்த ஃபிரேம் ஓரிரு ஆண்டில் மூலை விடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். எட்டு முகத்திலும் மெல்லிய பூச்சாக ஒருமுறை தடவி, ஐந்து நிமிடம் விட்டு, அது உறிஞ்சப்பட்ட பிறகு இரண்டாவது முறை தடவிச் சேருங்கள்.

இறுக்குவதற்குப் பட்டைக் கிளாம்ப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பருத்திக் கயிறே போதும். மூலை ஒவ்வொன்றுக்கும் ‘ட’ வடிவில் ஒரு கட்டை செய்து, உட்பக்கம் பிளாஸ்டிக் டேப் ஒட்டி (பசை பட்டு ஃபிரேமோடு ஒட்டாமல் இருக்க), கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் இரண்டு கயிற்றுக்கும் இடையே ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் இறுகும். இங்கேதான் நான்கு கை வேண்டும். ஒருவர் மூலைகளை முன்முகம் மேடு பள்ளம் இல்லாமல் அமுக்கிப் பிடிக்க, மற்றவர் குச்சிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒன்று மாற்றி ஒன்றாக முறுக்க வேண்டும். ஒரே குச்சியை முழுதாக முறுக்கினால் ஃபிரேம் சாய்சதுரமாகிவிடும்.

உடனே மூலைவிட்டங்களை அளங்கள். நமது அளவில் இரண்டும் 599 மி.மீ. பக்கம் வர வேண்டும். அந்த எண் சரியாக வருவதைவிட இரண்டும் ஒன்றாக இருப்பதுதான் தேவை, 1 மி.மீ. வரை தள்ளலாம். அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் நீளமான மூலைவிட்டத்தின் இரண்டு மூலைகளையும் உள்நோக்கி மெதுவாக அமுக்குங்கள். பசை இளகியிருக்கும் பத்து நிமிடம் வரைதான் அதற்கு வாய்ப்பு. பிறகு தட்டையான மேசைமேல், நாலு மூலையும் மேசையைத் தொடுகிற மாதிரி, 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். ஒரு மூலை தூக்கிக்கொண்டு காய்ந்தால் சுவரிலும் தூக்கிக்கொண்டேதான் நிற்கும்.

பசை மட்டும் போதாது. கண்ணாடி போட்ட ஃபிரேம் தன் எடையாலேயே கீழ் மூலைகளை எப்போதும் பிரிக்கப் பார்க்கும். காய்ந்த பிறகு ஒவ்வொரு மூலையிலும் வெளிப்பக்கத்திலிருந்து, பின் ரீப்பரின் நடுவில், 15 மி.மீ. ஆழத்துக்கு ரம்பத்தால் ஒரு கீறல் போடுங்கள். அந்தக் கீறலில் இறுக்கமாகப் போகும் அளவுக்கு மெல்லிய மரத்தகட்டைப் பசையோடு செருகி, காய்ந்ததும் வெளியே நீட்டுவதைச் சீவிவிடுங்கள். தகட்டின் இழை மூலைக்குக் குறுக்கே ஓட வேண்டும். வேறு நிற மரத்தகடு போட்டால் அதுவே ஒரு அலங்காரம். ஆணியே போதும் என்றால் 25 மி.மீ. மெல்லிய ஆணி, அதற்கு முன் ஆணியைவிடச் சின்னதாக ஒரு துளை. துளையிடாமல் அடித்தால் மரம் பிளக்கும், காய்ந்த பசையும் அதிர்ச்சியில் விடும்.

மெருகு

உப்புத்தாள் 120, 180, 240 என்று ஏறுவரிசையில், மர இழையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். மூலையில் இரண்டு சட்டத்தின் இழையும் குறுக்கே சந்திப்பதால் அங்கே சாய்வுக்கோடு வரை தேய்த்து நிறுத்துங்கள்; தாண்டினால் குறுக்குக் கீறல் விழும். வார்னிஷுக்கு முன் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். பசை காய்ந்த இடங்கள் வெளிறித் தனியாகத் தெரியும். அங்கெல்லாம் வார்னிஷ் பிடிக்காது, சுரண்டி எடுத்துவிடுங்கள்.

நீரில் கரையும் வார்னிஷ் அல்லது அரக்கு பாலிஷ் இரண்டு மூன்று மெல்லிய பூச்சு போதும். எண்ணெய்ப் பெயின்ட் போட்டால் கைக்குக் காய்ந்த பிறகும் பல நாள் ஆவி விட்டுக்கொண்டிருக்கும். அந்த ஆவியை உள்ளே அடைத்தால் படத்தின் நிறத்தைத் தின்னும். படியின்மேல் மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள், வாடை இருந்தால் படத்தை வைக்காதீர்கள். படியின் உட்புறத்துக்கு ஒரு பூச்சு கூடுதலாகக் கொடுங்கள், அல்லது அலுமினிய டேப் ஒட்டுங்கள். மரத்தின் அமிலம் மவுண்டின் விளிம்பைத் தொடக் கூடாது.

கண்ணாடியும் அடுக்கும்

இப்போது படியின் உள்ளளவை அகலத்தில் மூன்று இடம், உயரத்தில் மூன்று இடம் அளந்து, மிகக் குறைந்த அளவிலிருந்து 3 மி.மீ. கழித்துக் கண்ணாடி வெட்டச் சொல்லுங்கள். 2 மி.மீ. கண்ணாடி இந்த அளவில் ஏறக்குறைய 660 கிராம், அதே தடிமன் அக்ரிலிக் அதில் பாதி. அக்ரிலிக் எளிதில் உடையாது, ஆனால் கீறல் விழும், நிலைமின்சாரத்தால் தூசியை இழுக்கும். உலர்ந்த துணியால் அதைத் துடைக்கவே கூடாது. அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் ஆகாது, பரப்பைக் கலங்கடித்துவிடும். புற ஊதாக் கதிரை வடிகட்டும் வகை இரண்டிலும் கிடைக்கிறது. வெளிச்சமான அறை என்றால் அதற்குச் செலவழிப்பது தகும். வெட்டிய கண்ணாடியின் விளிம்பை நனைத்த எமரி கல்லால் லேசாகத் தேய்த்து மழுக்கிவிட்டுத்தான் கையாள வேண்டும்.

படத்தைப் பின் அட்டையோடு பசை போட்டு ஒட்டாதீர்கள். இரட்டைப் பக்க டேப்பும் வேண்டாம், செல்லோ டேப்பும் வேண்டாம். படத்தாள் ஈரத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். நாலு பக்கமும் கட்டிப்போட்டால் நடுவில் அலை அலையாகப் புடைக்கும். செல்லோ டேப்பின் பசையோ மஞ்சளாகி உள்ளே ஊறும். அதற்குப் பதிலாகப் படத்தைப் பின் அட்டைமேல் வைத்து, அமிலமற்ற தாளில் 30 மி.மீ. அகலப் பட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் படத்தின் ஓரத்தின்மேல் 4 மி.மீ. மட்டும் படுத்திருக்கட்டும். மிச்சப் பாகத்தை மட்டும் அட்டையோடு அமிலமற்ற டேப்பால் ஒட்டுங்கள். கீழே முழு நீளப் பட்டை, பக்கங்களிலும் மேலேயும் இரண்டிரண்டு துண்டு. படத்தின் மேல் ஓரத்திலும் பக்கங்களிலும் 1 மி.மீ. விட்டு டேப் ஒட்டினால் படம் அசைய இடம் கிடைக்கும். பசையே படத்தைத் தொடவில்லை, 4 மி.மீ. பட்டையும் ஜன்னலின் 5 மி.மீ.க்குள் மறைந்துவிடும். ஜன்னல் அட்டையைப் பின் அட்டையோடு மேல் விளிம்பில் மட்டும் டேப்பால் இணைத்துவிட்டால் புத்தகம் போலத் திறந்து மூடலாம்.

ஃபிரேமைக் கவிழ்த்து வையுங்கள். கண்ணாடியின் இரண்டு பக்கத்தையும் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு படியில் இறக்கி, அதன்மேல் மவுண்டைக் கவிழ்த்து வைத்து, மொத்தத்தையும் தூக்கிப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு நூலிழையோ தூசியோ இல்லாமல் முதல் தடவையே அமைவது அபூர்வம். மூன்று முறை திறந்து மூடினாலும் பொறுமையாகச் செய்யுங்கள். ஆணி அடித்த பிறகு கழுத்தோரத்தில் ஒரு தூசியைப் பார்த்தால் அது மட்டும்தான் கண்ணில் படும். தூசியை வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். மென்மையான தூரிகை அல்லது ரப்பர் காற்றுக்குமிழ் போதும்.

பின் பலகைக்கு 3 மி.மீ. நெளி பிளாஸ்டிக் தாள் சிறந்தது, ஈரமும் ஏறாது அமிலமும் விடாது. ஹார்டுபோர்டோ எம்டிஎஃப்போ போடுவதானால் நடுவே அமிலமற்ற அட்டை இருப்பதை உறுதிசெய்யுங்கள். 15 மி.மீ. மெல்லிய ஆணிகளை 6 முதல் 7 செ.மீ.க்கு ஒன்றாகப் படியின் சுவரில் பக்கவாட்டாகப் பதியுங்கள். சுத்தியலால் அடித்தால் எதிர்ப்பக்க மூலை அதிரும். ஃபிரேமின் வெளிப்பக்கம் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து, தட்டை வாய் இடுக்கியால் அழுத்திச் செருகுவதே மேல். கடைசியில் பழுப்புத் தாளைப் பின்பக்கம் முழுக்க ஒட்டுங்கள். ஓரத்தில் மட்டும் பசை. ஒட்டிக் காய்ந்த பிறகு நடுவில் ஈரக் கையால் லேசாகத் தடவினால் காயும்போது முரசுத் தோல் போல விறைத்துக்கொள்ளும். ஜெலட்டினையும் மாவுப் பசையையும் தின்ன வரும் வெள்ளிப்பூச்சிக்கு இந்தத் தாள்தான் தடை.

மாட்டுவது

மொத்த எடை 2 கிலோவுக்குள் இருக்கும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், இரண்டு பக்கச் சட்டத்திலும் ஒவ்வொரு வளையம். திருகின் நீளம் சட்டத்தின் மொத்தத் தடிமனான 22 மி.மீ.யை நெருங்கினால் முன்முகம் வரை போக வாய்ப்புண்டு, வாங்கும்போதே அளந்து பாருங்கள். இரண்டு வளையத்துக்கும் நடுவே கம்பியைத் தொய்வாகக் கட்டுங்கள், மேலே இழுத்துப் பிடித்தால் அதன் உச்சி ஃபிரேமின் மேல் விளிம்புக்கு 5 செ.மீ. கீழே நின்று மறைந்தே இருக்கட்டும். விறைப்பாகக் கட்டிய கம்பி பக்கச் சட்டங்களை உள்ளே இழுத்து மூலையைச் சோதிக்கும். சுவரில் ஒரு கொக்கிக்குப் பதில் 15 செ.மீ. இடைவெளியில் இரண்டு கொக்கி, ரசமட்டம் வைத்து. கதவு சாத்தும் அதிர்ச்சியில் ஃபிரேம் சாய்வது நிற்கும்.

கீழ் மூலைகளின் பின்புறம் 4 மி.மீ. தடிமனில் இரண்டு ரப்பர் பொட்டு ஒட்டினால் சுவருக்கும் தாளுக்கும் நடுவே காற்று ஓடும். வெளிச்சுவர், குளியலறைச் சுவர், சமையலறை ஆவி படும் இடம், நேர் வெயில் விழும் இடம் எல்லாம் ஆகாது. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வந்தால் நிற்பவர்களுக்கு முகம் நேராகத் தெரியும். மூன்று நான்கு ஃபிரேமை வரிசையாக மாட்டுவதானால் நடுவே 5 முதல் 7 செ.மீ. விட்டு, முதலில் தரையில் பரப்பி வைத்துப் பார்த்துவிட்டு ஆணி அடியுங்கள்.

படத்தை அட்டையில் வைப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்றைக் கடைசிக்கு வைத்திருக்கிறோம், இங்கே சொன்னால் மறக்காது என்பதால். கல்யாணத் தேதி, ஊர், இருவரின் பெயர், பிரிண்ட் போட்ட மாதம், பிரதி எந்த உறையில் இருக்கிறது என்பதையெல்லாம் மென்மையான பென்சிலால் பின் அட்டையின் முதுகில் எழுதுங்கள். அட்டையில் படம் உட்காரும் முன்பே எழுதிவிட்டால் அழுத்தம் படத்தில் பதியாது. படத்தின் முதுகில் எழுத வேண்டாம்: பால்பாயின்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் வரிவடிவமாகப் புடைக்கும், மார்க்கர் மை ஊறும், பிளாஸ்டிக் பூச்சுள்ள தாளில் பென்சிலோ பிடிக்காது.